முதல் காசு கேபிளுக்கு

ஒரு வாசகி எழுதியது: "ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் பழைய கடைவீடு ஒன்றில் அப்பா தொடங்கிய அச்சகத்தை இப்போது நானும் என் தம்பியும் நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், இதுதான் தொழில். கீழே கவுண்டரில் ஒரு கணினியும் கார்டு மெஷினும் இருக்கின்றன. மேல்மாடியில் டிசைனுக்கு மூன்று கணினிகள், பின்கட்டில் அச்சு மெஷின்கள், கடையைச் சுற்றி ஆறு கேமராக்கள். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் எடுத்திருக்கிறோம். ஆனால் மேலே வைஃபை வருவதும் போவதுமாக இருக்கிறது. பக்கத்துக் கணினியில் இருக்கும் ஃபைலைத் திறந்தால், தே தாரேக் குடித்துவிட்டு வரலாம். ஒரு கம்பெனியிடம் கேட்டதில் 9,200 வெள்ளிக்கு கோட்டேஷன் வந்தது: 24 போர்ட் ஸ்விட்ச், ஃபயர்வால், ரேக், நான்கு ஏக்சஸ் பாயிண்ட். தம்பி ஆன்லைனில் 89 வெள்ளிக்கு ஒரு ரூட்டர் பார்த்து வைத்திருக்கிறான், அதுவே போதும் என்கிறான். எங்களால் 2,500 வெள்ளிதான் முடியும். எதை வாங்குவது?"

தங்கச்சி, வணக்கம். கடிதத்தில் இணையத்தைக் கடைக்குள் பிரித்துக் கொடுக்கும் ரூட்டர், கணினிகளைக் கேபிளில் ஒன்றோடொன்று சேர்க்கும் ஸ்விட்ச், வெளித்தாக்குதலைத் தடுக்கும் ஃபயர்வால் எல்லாம் வருகிறது, கேபிளை மட்டும் காணோம். கோட்டேஷனிலும் அது கடைசி வரியில் 'வயரிங்' என்று ஒரே தொகையாகத்தான் இருந்திருக்கும். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். உங்களிடம் இருக்கிற 2,500 வெள்ளியில் பாதி கேபிளுக்கும் அதை இழுக்கிற கூலிக்கும் போகட்டும். பெட்டிகளை மிச்சத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டியை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம். நாலு வருடம் கழித்துக் கையில் காசு புரளும்போது இன்னும் நல்ல ஸ்விட்ச் வாங்கிப் பழையது இருந்த இடத்தில் வைப்பது அரை மணி நேர வேலை. கேபிள் அப்படி இல்லை. ஏணி, டிரில், தூசி, ஒரு நாள் கடையடைப்பு, வீட்டுக்காரரிடம் அனுமதி என்று எத்தனையோ இருக்கிறது. ஒரு தடவை இழுத்தால் பத்துப் பதினைந்து வருடம் அங்கேயே கிடக்கும். பினாங்கில் இருபது வருடத்துக்கு மேலாகக் கடைகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுத்து வருகிறேன். 'ஸ்லோவாக இருக்கிறது, வந்து பாருங்கள்' என்று கூப்பிட்ட இடங்களில் பெட்டியைவிடக் கேபிளும் அதன் தலையும் (நுனியில் அடிக்கும் பிளக்) தான் அதிகம் மாட்டியிருக்கின்றன.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். மேல்மாடிக் கணினி ஒன்றைக் கீழே கொண்டுவந்து, வைஃபையை அணைத்துவிட்டு, ரூட்டரில் நேராகக் கேபிள் சொருகி இணைய வேகத்தைப் பாருங்கள். 300-க்குப் பக்கத்தில் வந்தால் லைனில் குறை இல்லை. 94, 95 என்று ஏறி அதற்கு மேல் நகரவே மாட்டேன் என்று நின்றால், எங்கோ ஓர் இடத்தில் 1000-க்குப் பதில் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த 94 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. கிகாபிட், அதாவது அந்த 1000 வேகத்துக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நாலே போதும். எலி ஒரு கம்பியைக் கடித்தாலோ, தலையில் ஒரு கம்பி சரியாக உட்காராமல் போனாலோ, இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடக்கூடும். எந்த எச்சரிக்கையும் வராது. இணையம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

தம்பி பார்த்து வைத்த 89 வெள்ளி ரூட்டரிலும் பயம் இந்த 94 பற்றித்தான். பெட்டியில் பெரிதாக 'ஏசி1200' என்று போட்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி ஏறக்குறைய 1200 என்று எழுதுகிறார்கள். ஒரு கணினிக்கு அந்த 1200 ஒருநாளும் கிடைக்காது. அந்த விலையில் வரும் பல ரூட்டர்களின் பின்பக்கத்து போர்ட்டுகள் வெறும் 100 எம்பிபிஎஸ்தான். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் '10/100' என்று இருக்கிறதா, '10/100/1000' என்று இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது என்றால், மாதாமாதம் 300-க்குக் காசு கட்டிவிட்டு 94 வாங்கிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்றும் பாருங்கள்: மலேசியாவில் விற்கும் வைஃபை சாதனத்துக்குத் தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் முத்திரை இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேராக வரும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

சரி, ஃபைல் ஏன் அவ்வளவு தாமதம்? மேலே மூன்று கணினிகளும் வைஃபையில்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அப்படியானால் பக்கத்து மேசைக்குப் போக வேண்டிய ஃபைல் முதலில் காற்றில் கீழே இறங்கி ரூட்டருக்குப் போகிறது, பிறகு அதே காற்றில் மறுபடியும் மேலே ஏறுகிறது. ஒரே ஃபைல் ஒரே அலைவரிசையை இரண்டு தடவை பிடித்துக்கொள்கிறது, அதுவும் சிக்னல் பலவீனமான இடத்தில். எம்பிபிஎஸ் கணக்கில் ஒரு எம்பி என்பது எட்டு, ஆகவே 600 எம்பி பத்திரிகை ஃபைல் ஒன்று 100 எம்பிபிஎஸ் கேபிளில் போக ஏறக்குறைய 50 விநாடி ஆகும். கிகாபிட் கேபிளில் ஐந்தாறு விநாடியில் முடிந்துவிடும். உங்கள் வைஃபையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இதற்கு ஃபயர்வாலும் வேண்டாம், ரேக்கும் வேண்டாம். மேல்மாடியில் 8 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை வைத்து மூன்று கணினிகளையும் அதில் சொருகுங்கள். ஃபைல் கீழே இறங்காமலே பக்கத்து மேசைக்குப் போய்விடும். 90 வெள்ளி ஒதுக்கினால் போதும். செட்டிங் போட்டு நிர்வகிக்கிற 'மேனேஜ்ட்' வகை தேவையில்லை, உலோக உறை போட்ட சாதாரண வகையே நன்றாக உழைக்கும்.

இப்போது கேபிள் வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

கேபிளின் தரத்தைக் 'கேட்' என்ற எண்ணால் சொல்வார்கள். கேட்5இ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும். இருந்தாலும் கேட்6 போடுங்கள். இழுக்கிற கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், பிறகு 10 கிகாபிட் வேண்டும் என்றாலும் 55 மீட்டர் வரை அது தரும். உங்கள் கடைவீட்டின் முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடும். கேட்7, கேட்8 என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணைவிட முக்கியம், உள்ளே இருப்பது முழுச் செம்பா என்பது. சந்தையில் 'சிசிஏ' என்று ஒன்று ஓடுகிறது. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம் பூசியது. கேட்5இ, கேட்6 தர விதிகளில் அலுமினியத்துக்கு இடமே இல்லை, ஆனாலும் பெட்டியில் கேட்6 என்று அச்சடித்து விற்கிறார்கள். மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கேமராவுக்கும், வைஃபை பரப்பும் பெட்டியான ஏக்சஸ் பாயிண்டுக்கும் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பினால் அது சூடாகும், தூரத்தில் இருக்கும் கேமரா இரவில் விளக்கு எரியும் நேரம் பார்த்து அணைந்து அணைந்து வரும்.

பார்த்துக் கண்டுபிடிப்பது சுலபம். நான் கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு பேனாக்கத்தி வைத்திருப்பேன். கேபிளின் நுனியில் வெளியுறையை உரித்து, எட்டில் ஒரு கம்பியை எடுத்து, அதன் நிற உறையையும் நீக்கிவிட்டு, கத்தி முனையால் கம்பியை லேசாகச் சுரண்டுவேன். செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்புதான். சிசிஏ என்றால் இரண்டாவது சுரண்டலிலேயே உள்ளே வெள்ளை மினுக்கும். கத்தி இல்லையா, கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்குங்கள். அலுமினியம் நாலைந்து மடக்கலில் முறிந்து கையோடு வந்துவிடும். பெட்டியைத் தூக்கினாலே எடை குறைவு தெரியும். நல்ல கடைக்காரர் இந்தச் சோதனைக்குக் கோபப்பட மாட்டார். 305 மீட்டர் பெட்டி ஒன்றை நீங்களே வாங்கி, இழுக்கிறவர் கையில் கொடுங்கள். கூலி தனி, கேபிள் தனி. இரண்டையும் ஒரே தொகையில் விட்டால் எந்தக் கேபிள் சுவருக்குள் போனது என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

உங்கள் கட்டடம் அகலம் குறைந்து நீளமாகப் போகும், நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும், சுண்ணாம்பு பூசிய கனத்த செங்கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தச் சுவர் ஒன்றைத் தாண்டும்போதே பாதி களைத்துவிடும், இரண்டாவதைத் தாண்டாது. ஆகவே கீழே இருக்கிற ரூட்டரை எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் மேல்மாடி தேறாது. ஆன்டெனா எட்டு இருந்தாலும் சரி. மேலேயே ஓர் ஏக்சஸ் பாயிண்டைக் கேபிளில் கட்டி, கூரையடியில் நடுவாக வைக்க வேண்டும். ரிப்பீட்டர் வேண்டாம். அது ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பிக் கொடுப்பதால் வேகம் பாதியாகிவிடும். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபை தரும் மெஷ் செட் வாங்கினாலும் அதன் துண்டுகளுக்கிடையே கேபிள் போட்டால்தான் நன்றாக ஓடும், கேபிள் போடுவதென்றால் ஏக்சஸ் பாயிண்டே போதும்.

நான்கு ஏக்சஸ் பாயிண்ட் உங்களுக்கு அதிகம். மேலே ஒன்று வைத்தால் போதும், கீழ்த்தளத்தை இருக்கிற ரூட்டரின் வைஃபையே பார்த்துக்கொள்ளும். பின்கட்டுக்கு எட்டவில்லை என்றால் அடுத்த வருடம் இன்னொன்று. வைஃபை 6 வகை வாங்குங்கள். வைஃபை 7 சான்றிதழ் 2024 ஜனவரியில்தான் தொடங்கியது, அதற்கான கூடுதல் விலைக்கு உங்கள் வேலையில் பலன் இல்லை. டிபி-லிங்க் ஒமாடா, ரூய்ஜி ரெய்யி போன்ற வரிசைகளில் கிடைக்கும் சிறிய மாடல் ஒன்றுக்கு 330 வெள்ளி ஒதுக்குங்கள். மாட்டிய பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலத்தை 20 என்று வைத்து, 1, 6, 11 மூன்றில் எது காலியாக இருக்கிறதோ அதில் போடுங்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அந்த மூன்றுதான். உங்கள் தெருவில் கடைக்குக் கடை வைஃபை இருப்பதால் இது நன்றாகவே வித்தியாசம் காட்டும்.

கேபிளை எப்படிக் கொண்டுபோவது என்று வயர்மேன் கேட்பார். ஜார்ஜ்டவுன் 2008-இலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பதால், முகப்பில் கைவைக்கும் முன் மாநகர் மன்றத்திடம் கேட்க வேண்டியிருக்கும். முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதைப் பக்கம் போகாமல் உள்ளுக்குள்ளேயே முடித்துவிடுங்கள். சுவரைத் தோண்ட வேண்டாம், சுவரின் மேலேயே பிவிசி டிரங்கிங் (கம்பியை மூடும் பிளாஸ்டிக் உறை) ஓட்டினால் போதும். மின்சாரக் கம்பி போகும் டிரங்கிங்கில் மட்டும் இதைச் சேர்த்துப் போட விடாதீர்கள். முற்றத்தில் மழையும் வெயிலும் படுகிற இடத்தில் கறுப்பு உறையுள்ள வெளிப்புறக் கேபிள் வேண்டும். சாதாரணச் சாம்பல் உறை வெயிலில் சில வருடங்களில் வெடித்துவிடும். கீழிருந்து மேலே ஒன்றுக்கு இரண்டாக இழுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது இப்போது சும்மா கிடக்கட்டும்.

கோட்டேஷன் கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது பேர் உட்காரும் அலுவலகத்துக்கு அது நியாயமான பட்டியல். உங்களுக்கு 24 போர்ட்டில் நிறையக் காலியாகக் கிடக்கும். அந்த ஃபயர்வாலுக்கு ஆண்டுச் சந்தா உண்டா என்று கேளுங்கள். சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் புதிய அச்சுறுத்தல்களுக்கான தகவல் வருவது நின்றுவிடும், நீங்கள் காசு கொடுத்ததே அதற்குத்தான். கீழ்த்தளத்துக்கு, நாலு போர்ட்டில் மின்சாரமும் தரும் 8 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் ஒன்று, 230 வெள்ளிக்குள் பாருங்கள். அதன் மொத்த வாட் எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய பிஓஇ தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும், ஆனால் மலிவான ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் அதைத் தராது. ஆறு கேமராவுக்கும் இதிலிருந்தே மின்சாரம் என்றால் நாலு போர்ட் போதாது, பெரியது வேண்டும். உங்கள் கேமராக்கள் கோஆக்ஸ் வயரில் (டிவி ஆன்டெனா வயர் மாதிரி) வரும் பழைய வகையாக இருந்தால் கேமராவுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிக்கு ஒரு கேபிள் கொடுத்தால் முடிந்தது.

ரூட்டர்? இப்போதைக்கு இணையக் கம்பெனி கொடுத்ததையே வைத்துக்கொள்ளுங்கள். நான் என் வாடிக்கையாளர்கள் சிலருக்கு மைக்ரோடிக் போடுகிறேன். லாட்வியா நாட்டுத் தயாரிப்பு, அந்த விலையில் அவ்வளவு வசதி தரும் பெட்டி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆனால் நான் ஒரு வாரம் படுத்துக்கொண்டால் உங்கள் கடையில் அதைத் தொட ஆள் இருக்காது. உங்கள் தம்பி தானே திறந்து பார்த்து, தானே சரிசெய்யக்கூடிய பெட்டிதான் உங்களுக்கு ஏற்றது. என்றைக்காவது சொந்த ரூட்டர் வாங்கினால் இன்னொன்று: டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை இணைப்பில் வழக்கமாக இணையம் விஎல்ஏஎன் 500 என்ற எண்ணிட்ட தனித் தடம் வழியாக வரும். அதை ரூட்டரில் குறிப்பிடாமல் விட்டுவிட்டு, 'பெட்டி கெட்டுப்போனது' என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு தவறுகளைச் சொல்லிவைக்கிறேன், இரண்டும் என் கண்ணால் பார்த்தவை. ஒரு துணிக்கடையில் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, கூட்டம் நெருக்குகிற நேரத்தில், எல்லாக் கல்லாவும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன. ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்விட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறி பிடித்தமாதிரி அடித்துக்கொண்டிருந்தன. தரையைக் கூட்டிய பையன், சும்மா தொங்கிய கேபிள் நுனியைப் பார்த்துப் பாவம் நல்லெண்ணத்தோடு காலிப் போர்ட்டில் சொருகிவிட்டான். அதன் மறுநுனி ஏற்கனவே அதே ஸ்விட்சில் இருந்தது. அனுப்பிய தகவல் சுற்றிச் சுற்றி வந்து மொத்தத்தையும் அடைத்துவிட்டது. கேபிளைப் பிடுங்கிய மறுவிநாடியே எல்லாம் சரி. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு நுனியிலும் ஒரே எண்ணை ஒட்டாமல் எந்தக் கடையையும் விட்டு வெளியே வருவதில்லை. இரண்டாவது தவறு, பழைய ரூட்டரை மேல்மாடியில் வைஃபைக்காகச் சொருகுவது. அதுவும் தன் பங்குக்குக் கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரி (ஐபி) கொடுக்கத் தொடங்கும். பாதிக் கணினிகளுக்கு ஒரு ரூட்டரின் முகவரி, மீதிக்கு இன்னொன்றின் முகவரி. காலையில் பிரிண்ட் எடுத்த கணினியில் மதியம் பிரிண்டரைக் காணோம் என்பார்கள். பழைய ரூட்டரைப் பயன்படுத்துவதில் தப்பில்லை, அதை 'ஏக்சஸ் பாயிண்ட் மோடு'க்கு மாற்றிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

கேமரா, டிவிஆர், ரூட்டர் மூன்றின் கடவுச்சொல்லையும் இன்றைக்கே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களிலும் டிவிஆர்களிலும் ரூட்டர்களிலும் புகுந்து அவற்றைப் படையாகத் திரட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை தாக்கியதில் அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் முடங்கின. அதில் கலந்துகொண்டவை உங்கள் கடையில் இருப்பதுபோன்ற பெட்டிகள்தான். கேமராவைக் கைப்பேசியில் பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட் (கேபிள் சொருகும் துளை அல்ல, வெளியிலிருந்து உள்ளே வர விடும் வழி) திறந்துவைத்திருந்தால் மூடிவிடுங்கள், கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகவே பார்க்கலாம். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதானால் 'கெஸ்ட்' நெட்வொர்க்கில் கொடுங்கள். அதில் இருப்பவருக்கு உங்கள் டிசைன் ஃபைல்கள் தெரியக்கூடாது.

மின்னலை மறக்காதீர்கள். முன்பு ஸ்திரீமிக்ஸ் இணையம் இருந்த காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகவே இடி இறங்கி மோடத்தைச் சுட்டுவிடும். ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் வராது. ஆனால் பிளக் வழியாகவும், ஐந்தடியில் இருக்கும் கேமராவின் கம்பி வழியாகவும் இன்னும் வரும். உரிமம் உள்ள வயர்மேனைக் கொண்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய கடைவீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும், எர்த் இல்லாமல் சர்ஜ் புரொடெக்டர் போட்டும் அவ்வளவாகப் பயன் இல்லை. 220 வெள்ளிக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி, மோடம், ரூட்டர், கீழ்த்தள ஸ்விட்ச் மூன்றை மட்டும் அதில் போடுங்கள். பிரிண்டரையும் சேர்த்துவிட்டால் தாங்காது. இந்த மூன்றும் கொஞ்சமே மின்சாரம் எடுப்பவை என்பதால், சின்ன மின்வெட்டு வந்தாலும் கார்டு மெஷின் நிற்காது. பெட்டிகளைத் தகரக் கூரைக்கு அடியிலும், அச்சு மெஷினின் காகிதத் தூசி விழும் இடத்திலும் வைக்காதீர்கள். காற்றோட்டத் துளைக்குள் பல்லி புகுந்து உயிரைவிட்ட ஸ்விட்சுகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

கணக்குப் போட்டால், கேபிளும் கூலியும் 1,300, இரண்டு ஸ்விட்சும் 320, ஏக்சஸ் பாயிண்ட் 330, யூபிஎஸ் 220. மொத்தம் 2,170. கையில் 330 மிஞ்சும், அதை உடனே செலவழிக்காதீர்கள். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பின்கட்டில் அச்சு மெஷின் பக்கம் சிக்னல் எப்படி என்று எனக்கு எழுதுங்கள். வயர்மேன் வேலையை முடித்துக் கூலி கேட்கும்போது, அவர் கண் முன்னாலேயே மேல்மாடிக் கணினியிலிருந்து வேகத்தைச் சோதியுங்கள். 94 வந்தால் கேபிளின் தலையை வெட்டிவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் காசு கொடுங்கள்.